சொன்னென்ஸ்டைன் மலையும் ஒரு செலவுக் கணக்கும்



சென்ற மாத ஒலிபரப்பில் நான் ஆற்றிய உரைக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. கேட்டவர்களில் சிலர் தொலைபேசி எடுத்து, "அதை எழுத்திலயும் தாங்கோ, பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்" என்றார்கள். ஆகவே நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வரலாற்று ஆசிரியன் அல்ல. வணிகவியல் படித்து, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் நாங்கள் வாழும் இந்த டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் நடந்த இந்த வரலாற்றின் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பற்றிக் கதைக்க ஒரு கணக்காளனுக்கும் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு நாள் சுற்றுலா ஒழுங்கு செய்தோம். போக நினைத்த இடம் புல்ஸ்னிட்ஸ். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள சிறிய ஊர். இங்குள்ளவர்களுக்கு அது பெஃபர்கூகன் என்ற இனிப்பு றொட்டிக்குப் பெயர்போன ஊர். எங்களுக்கு அது வேறு காரணத்தால் முக்கியமானது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் படித்து, தமிழில் நூல்களை அச்சேற்றிய பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682இல் பிறந்த ஊர் அது. "தமிழைத் தேடிப் போன மனுசன் பிறந்த ஊரை எங்கட பிள்ளையள் பார்க்க வேணும்" என்று நான்தான் முன்னின்றேன். பொருளாளர் பொறுப்பும் என்னிடமே இருந்தது.

வருவதாகச் சொன்ன குடும்பங்களில் ஒன்றில் பதினொரு வயது மகன் ஒருவன் இருந்தான். தசைநார் நோய். சக்கர நாற்காலி. சாதாரண பேரூந்தில் அவனை ஏற்ற முடியாது. தூக்கி வைத்த பேரூந்துக்கு விலை கேட்டேன். 240 யூரோ கூடுதல். நான் வழக்கம்போலக் குடும்பக் கணக்கில் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வந்தது. "ஒரு ஆளுக்காக எல்லாரையும் கஷ்டப்படுத்தலாமோ?" என்று யோசித்து, அந்த வரிக்கு எதிரே "தவிர்க்கலாம்" என்று என் கையால் எழுதினேன். தாய்க்குத் தொலைபேசி எடுத்து விளக்கமும் சொன்னேன். அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை. நாங்கள் வீட்டில நிக்கிறம். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் போனோம், படம் எடுத்தோம், இனிப்பு வாங்கினோம். கணக்கில் 35 யூரோ மிச்சமும் வந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அந்தப் பாதையில் உள்ள ஊர்கள்

டிரெஸ்டனிலிருந்து காமென்ட்ஸ் போகும் புகையிரதத்தில் ஏறினால் ராடெபேர்க், ஆர்ன்ஸ்டோர்ப், பின்னர் புல்ஸ்னிட்ஸ் என்று நிலையங்கள் வரும். இந்த மூன்று பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் சக்சனி மாநிலத்தின் கிறிஸ்தவர்களிடையே ஒரு விழிப்பு இருந்தது. 1836இல் டிரெஸ்டனில் ஒரு மிசன் சங்கம் உருவானது. அதுவே 1848இல் லைப்சிக் நகருக்குப் போய் லைப்சிக் மிசன் ஆனது. 1840களின் தொடக்கத்திலேயே அதன் ஊழியர்கள் தரங்கம்பாடிக்குப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டு லுத்தரன் திருச்சபையின் வேர்களில் ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அதே காலத்தில், அதே உணர்வில், வீட்டுக்குள்ளேயும் தொண்டு தொடங்கியது. ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் தியோடோர் பிளீட்னர் என்ற போதகர் 1836இல் தாதிச் சகோதரிகளுக்கான ஓர் இல்லத்தை ஆரம்பித்தார். அதைப் பார்த்து டிரெஸ்டனிலும் 1844இல் டியாகொனிசன் சகோதரிகளின் இல்லமும் வைத்தியசாலையும் தோன்றின. இன்றைக்கும் நகரின் நொய்ஸ்டட் பகுதியில் அந்த வைத்தியசாலை இயங்குகிறது. நோயாளிக்குச் சேவை செய்வது கிறிஸ்துவுக்கே சேவை செய்வது என்பதுதான் அந்தச் சகோதரிகளின் நம்பிக்கை. அந்த டிரெஸ்டன் இல்லத்தாரே 1889இல் ராடெபேர்க்குக்குப் பக்கத்தில் கிளைன்வாஹாவ் என்ற இடத்தில் வலிப்பு நோயாளருக்கென்று ஓர் இல்லம் தொடங்கினார்கள். அதுவும் இன்றுவரை இருக்கிறது.

வலிப்பு நோய்க்காரரை ஊரே ஒதுக்கிய காலம் அது. எங்கள் ஊரில் மட்டுமல்ல, இங்கேயும்தான்.

மனநோய் மாறும் என்று நம்பிய மலை

இனி டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே போவோம். எல்பே நதியோரம் சுமார் 20 கிலோமீற்றரில் பிர்னா நகரம். நகரின் மேலே ஒரு மலை, மலையில் ஒரு பழைய கோட்டை. பெயர் சொன்னென்ஸ்டைன். தமிழில் சொன்னால் சூரியக் கல்.

1811இல் இந்தக் கோட்டையில் சக்சனி அரசு ஒரு மனநோய் வைத்தியசாலையைத் திறந்தது. அதற்கு முன்பு மனநோயாளரைக் குற்றவாளிகளோடும் ஏழைகளோடும் ஒரே கட்டடத்தில் அடைத்து வைப்பதுதான் வழக்கம். சொன்னென்ஸ்டைனில் முதல் இயக்குநர் ஏர்ன்ஸ்ட் பீனிட்ஸ் வேறு விதமாக நினைத்தார். மனநோயும் நோய்தான், வைத்தியத்தால் மாற்றலாம், மனிதனை மனிதனாக நடத்த வேண்டும் என்று அங்கே வைத்தியம் செய்தார்கள். மற்ற நாட்டு வைத்தியர்களும் வந்து பார்த்துப் போனார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அந்த இடத்துக்கு நல்ல பெயர் இருந்தது.

அப்படிப்பட்ட இடம் எப்படி மாறியது? ஒரே நாளில் மாறவில்லை. பேச்சு முதலில் மாறியது. பின்னர் பள்ளிக்கூடப் பாடம் மாறியது. அதன் பின்னர் சட்டம் மாறியது.

1920இல் லைப்சிக் நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர்கள் கார்ல் பின்டிங் என்ற சட்டப் பேராசிரியரும் அல்பிறட் ஹொஹ என்ற மனநோய் வைத்தியரும். வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று சில உண்டு, அவற்றை முடித்துவிட அனுமதிக்கலாம் என்பது அதன் வாதம். நாட்டுக்கு அவர்கள் ஒரு பாரம் என்ற செலவுப் பேச்சும் அதில் இருந்தது. ஹிட்லர் பதவிக்கு வர இன்னும் 13 வருடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஹிட்லர் ஆட்சியில் அந்தப் பேச்சு பிள்ளைகளின் கணித நூலுக்குள் போனது. ஒரு மனநோய் வைத்தியசாலை கட்ட 60 இலட்சம் றைக்ஸ்மார்க் செலவு, ஒரு வீடு கட்ட 15,000 றைக்ஸ்மார்க் செலவு, அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டியிருக்கலாம் என்று ஒரு கணக்கு. பிள்ளை 60 இலட்சத்தை 15,000ஆல் வகுத்து 400 என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கும். விடை சரி. ஆனால் அந்தக் கணக்கைச் செய்த பிள்ளையின் மனதில், வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவர் 400 குடும்பத்தின் வீட்டைத் தின்றவர் என்ற எண்ணமும் சேர்ந்து பதியும்.

1933 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. பரம்பரை நோயுள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. மனநோய், வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 1945க்குள் சுமார் 4 இலட்சம் பேருக்கு இது செய்யப்பட்டது.

முகங்களை வரைந்தவர்

இப்போது அந்த இரண்டாவது நிலையத்துக்கு, ஆர்ன்ஸ்டோர்ப்புக்கு வருவோம். அங்கும் ஒரு பெரிய மனநோய் வைத்தியசாலை உண்டு. 1932இல் அங்கே அனுமதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்ப்றீட லோஸ-வெஹ்ட்லர் என்ற ஓவியர். 1899இல் டிரெஸ்டனின் லோப்டாவ் பகுதியில் பிறந்தவர். எங்கள் நேயர்களில் சிலர் இப்போது குடியிருக்கும் அதே லோப்டாவ்தான். ஹம்பேர்க் நகரில் வாழ்ந்தபோது வறுமையும் மணவாழ்க்கைத் துன்பமும் சேர்ந்து 1929இல் மனம் தளர்ந்து, அங்கே பிறீட்றிக்ஸ்பேர்க் மனநோய் வைத்தியசாலையில் சுமார் இரண்டு மாதம் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் தன்னோடு இருந்த பெண் நோயாளிகளின் முகங்களைச் சுமார் 60 படங்களாக வரைந்தார். அழுகிறவர், உறங்குகிறவர், தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பவர், எங்கோ பார்க்கிறவர். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒருவரைப் போல மற்றவர் இல்லை. ஒவ்வொருவரையும் அவர் நின்று பார்த்திருக்கிறார்.

1931இல் டிரெஸ்டனுக்குத் தாய்தகப்பனிடம் திரும்பினார். அடுத்த வருடம் ஆர்ன்ஸ்டோர்ப்பில் சேர்க்கப்பட்டார். அங்கேயும் வரைந்தார். 1935இல் கணவர் விவாகரத்துப் பெற்றார். கருத்தடைக்குச் சம்மதிக்க அவர் மறுத்தார். மறுத்தும் பயனில்லை. 1935 டிசம்பரில் கட்டாயமாகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை வரையவில்லை.

1940 ஜூலை 31இல் அவரை ஆர்ன்ஸ்டோர்ப்பிலிருந்து சொன்னென்ஸ்டைனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே கொன்றார்கள். வயது 40. குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் நுரையீரல் அழற்சியும் இருதயப் பலவீனமும்.

13,720

என்ன நடந்தது? 1939இல் போர் தொடங்கியதும், குணப்படுத்த முடியாத நோயாளருக்குக் 'கருணைக் கொலை' செய்ய ஹிட்லர் ஒரு கடிதத்தில் அதிகாரம் கொடுத்தார். பெர்லினில் ஒரு அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கிருந்து எல்லா வைத்தியசாலைக்கும் படிவங்கள் போயின. பெயர், நோய், எத்தனை வருடமாக இருக்கிறார், யாராவது பார்க்க வருகிறார்களா, வேலை செய்வாரா, என்ன வேலை? நிரப்பிய படிவம் மூன்று வைத்தியர்களுக்குப் போகும். அவர்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் மரணம், நீலப் பென்சிலால் கழித்தல் குறி போட்டால் உயிர். அவர்களுக்கு மேலே இருந்து இறுதி முடிவு சொன்னவர்களில் ஒருவர் பேராசிரியர் பவுல் நிட்ஷ. இவர் 1928 முதல் 1939 வரை சொன்னென்ஸ்டைன் வைத்தியசாலையின் இயக்குநராக இருந்தவர்!

ஆறு இடங்களில் கொலைக்கூடங்கள் அமைத்தார்கள். அவற்றில் ஒன்று சொன்னென்ஸ்டைன். கட்டடம் ஒன்றின் நிலவறையில் நச்சுவாயு அறை, பக்கத்தில் எரிக்கும் அடுப்புகள். வைத்தியசாலைகளிலிருந்து பேரூந்துகளில் ஏற்றி வருவார்கள். குளிக்கப் போகிறீர்கள் என்று சொல்லி உள்ளே அனுப்புவார்கள். சாம்பலை மலைச்சரிவில் எல்பே பக்கம் கொட்டினார்கள். 1940 ஜூன் முதல் 1941 ஆகஸ்ட் வரை அங்கே கொல்லப்பட்ட நோயாளரும் மாற்றுத்திறனாளரும் 13,720 பேர். அதோடு 1941இல் தடுப்பு முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் போலந்தில் யூத மக்களைக் கொன்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நச்சுவாயுக் கொலையை அவர்கள் பழகிய இடம் இந்த மலை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். போர் முடிந்து 1945இல், ஒஸ்ரியாவில் இருந்த இன்னொரு கொலைக்கூடமான ஹார்ட்ஹைம் மாளிகையில் அமெரிக்கப் படையினர் ஒரு புள்ளிவிபரப் பத்திரத்தைக் கண்டெடுத்தார்கள். ஆறு இடங்களிலும் சேர்த்து 1941 ஆகஸ்ட் இறுதிக்குள் 70,273 பேர் என்று அதில் கணக்கு. கொல்லப்பட்டார்கள் என்று எழுதவில்லை. கிருமி நீக்கப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது. இவர்கள் இன்னும் 10 வருடம் இருந்திருந்தால் எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு இறைச்சி, எவ்வளவு பாண், எவ்வளவு மார்மலேட் செலவாகியிருக்கும் என்று வரிவரியாகக் கணக்கிட்டு, உணவில் மட்டும் மிச்சம் 14 கோடி 17 இலட்சத்து 75 ஆயிரத்து 573 றைக்ஸ்மார்க், 80 பெனிக் என்று முடித்திருந்தார்கள்.

அந்த 80 பெனிக்கில் என் கண் நின்றுவிட்டது. இது வெறியன் எழுதிய கணக்கு அல்ல. என்னைப் போல மேசையில் இருந்து, கூட்டல் சரியா என்று இரண்டு தரம் பார்த்து, சதம் வரைக்கும் சமப்படுத்திய ஒரு கணக்காளன் எழுதியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் "தவிர்க்கலாம்" என்று எழுதிய அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இறந்தவர்களுக்கு அவமரியாதை. ஒரு பிள்ளையைச் சுற்றுலாவில் விட்டுச் செல்வதும் கொல்வதும் ஒன்றல்ல. ஆனால் பாதையின் முதல் அடி ஒன்றுதான். மனிதனின் பெயரைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது அந்த முதல் அடி.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை என் மகள்தான் கேட்டாள். "அப்பா, இங்கே இவ்வளவு சேர்ச் இருந்ததே, டியாகொனி இருந்ததே, அவை என்ன செய்தவை?" நல்ல கேள்வி. விடை நேராக இல்லை.

நாசிகள் வருவதற்கு முன்பே, 1931 மே மாதத்தில் திறைசா என்ற இடத்தில் புரட்டஸ்தாந்துத் தொண்டு நிறுவனங்களின் வைத்தியர்களும் பொறுப்பாளர்களும் கூடினார்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் சிலருக்குக் கருத்தடை செய்வது சரியென்று ஏற்றுக்கொண்டார்கள். அதனால் 1933 சட்டம் வந்தபோது பல கிறிஸ்தவ இல்லங்களிலும் அது நிறைவேற்றப்பட்டது. 1940இல் படிவங்கள் வந்தபோது பலர் நிரப்பி அனுப்பினார்கள். சக்சனியின் கிழக்கு எல்லைப் பக்கம் குறொஸ்ஹென்னர்ஸ்டோர்ப் என்ற கிராமத்தில், பக்தியுள்ள ஒரு சீமாட்டி 18ஆம் நூற்றாண்டில் அனாதைகளுக்கென்று தொடங்கிய கத்தரீனன்ஹோப் என்ற இல்லம் இருந்தது. அந்த இல்லத்துப் பிள்ளைகளும் சொன்னென்ஸ்டைனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பெர்லினுக்குப் பக்கத்தில் லோபெத்தால் இல்லத்தை நடத்திய போதகர் பவுல் பிறவுண, எங்கிருந்து எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் என்று தகவல்களைச் சேகரித்து, 1940 ஜூலையில் அரசுக்கே ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். ஒக்டோபர் இறுதிவரை சிறை. பெத்தேல் இல்லத்தின் தலைவர் பிறீட்றிஹ் வொன் போடல்ஷ்விங் படிவங்களை நிரப்ப மறுத்தார். ஆனால் அதே பெத்தேலில் கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் நடந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1941 ஓகஸ்ட் 3இல் முன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் கலன் பிரசங்க மேடையில் ஏறி இந்தக் கொலைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பயனில்லாதவர்களைக் கொல்லலாம் என்றால், நாளை முதுமையடைந்த நாங்களும், போரில் காயப்பட்டு வரும் போர்வீரரும் என்ன ஆவோம் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அந்தப் பிரசங்கத்தை மக்கள் இரகசியமாகப் பிரதியெடுத்துக் கைமாற்றினார்கள். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 24இல், நச்சுவாயுக் கொலைகளை நிறுத்த உத்தரவு வந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. வைத்தியசாலைகளில் பட்டினியாலும் மருந்தாலும் கொலை தொடர்ந்தது. சக்சனியின் குறொஸ்ஷ்வைட்னிட்ஸ் வைத்தியசாலையில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் இப்படி இறந்தவர்கள் சுமார் 3 இலட்சம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். இல்லம் கட்டுவது அன்புதான். உணவு கொடுப்பதும் அன்புதான். ஆனால் "இவருக்கு எவ்வளவு செலவு, இவரால் என்ன பயன்?" என்ற கேள்வியை ஒரு தரம் உள்ளே விட்டுவிட்டால், அன்பு கட்டிய இல்லத்துக்குள்ளேயே ஆட்களைப் பட்டியல் போடலாம். அந்தக் கேள்வியையே வாசலில் நிறுத்தியவர்கள்தான் கடைசிவரை நின்றார்கள்.

யார் செய்த பாவம்?

நான் சைவன். ஆனாலும் யோவான் எழுதிய சுவிசேசத்தில் 9ஆம் அதிகாரத்தை அடிக்கடி வாசிப்பதுண்டு. பிறவிக் குருடர் ஒருவரைக் கண்டு சீடர்கள் இயேசுவிடம் கேட்கிறார்கள், இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவருடையதா, தாய்தகப்பனுடையதா என்று. இருவருடையதும் அல்ல என்கிறார் இயேசு. சீடர்களுக்கு அந்த மனிதர் ஒரு விவாதப் பொருள். இயேசுவுக்கோ அவர் முன்னால் நிற்கும் ஒரு ஆள்.

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. என் தாயின் கடைசித் தங்கைக்கு வலிப்பு நோய் இருந்தது. நாங்கள் குஞ்சம்மா என்று கூப்பிடுவோம். நன்றாகப் பாடுவார், பூக் கட்டுவார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், முக்கியமாக மூத்தவர்களுக்குச் சம்பந்தம் பேச வந்தால், அவரைப் பின் அறைக்குள் இருக்கச் சொல்வார்கள். "போன பிறப்பில என்ன பாவம் செய்தாளோ" என்று ஊர் சொல்லும். வீட்டில் யாரும் அவரை அடித்ததில்லை, பட்டினி போட்டதுமில்லை. அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவருடைய கலியாணப் படம் என்று ஒன்று இல்லை, தனியாக எடுத்த படம் என்றும் ஒன்று இல்லை. குடும்பப் படங்களிலும் அவர் இல்லை. அவருடைய முகத்தை இன்றைக்கு என் நினைவில் மட்டும்தான் பார்க்கலாம். எல்ப்றீட வரைந்த அந்த 60 முகங்களையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்ததன் காரணம் இதுதான்.

எங்கள் மண்ணிலும் வேறு விதமாகப் பார்த்தவர்கள் உண்டு. கைதடியில் கேளாத, பார்க்க முடியாத பிள்ளைகளுக்கென்று அங்கிளிக்கன் திருச்சபையினர் நடத்திய நவீல்ட் பாடசாலையைப் பலருக்குத் தெரியும். பின் அறைக்குள் இருந்திருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்து வெளியே வந்தார்கள்.

மறந்த மலை, மீண்ட நினைவு

1947இல் டிரெஸ்டனில் வழக்கு நடந்தது. நிட்ஷவுக்கும் இன்னும் சிலருக்கும் மரணதண்டனை. 1948 மார்ச்சில் அது டிரெஸ்டனிலேயே நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு பெரிய மௌனம். கிழக்கு ஜேர்மனி காலத்தில் அந்த மலையில் தொழிற்சாலை இயங்கியது. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1989க்குப் பிறகு பிர்னாவின் சாதாரணக் குடிமக்கள் சிலர் விடாமல் கேட்டு, தோண்டி, ஆவணம் தேடினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த நிலவறையும் மேலே உள்ள கண்காட்சியும் நினைவிடமாகத் திறக்கப்பட்டன. நாடாளுமன்றமோ இன்னும் பிந்தி, 2025 ஜனவரியில்தான் இந்த நோயாளரையும் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களையும் நாசி ஆட்சியால் துன்புறுத்தப்பட்டவர்களாக வெளிப்படையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

நான் மகளோடு அங்கே போனேன். நிலவறையில் ஒன்றும் இல்லை, வெறும் சுவரும் நிலமும்தான். மேலே சிலருடைய படங்களும் வாழ்க்கைக் குறிப்பும். ஆனால் என் மனதில் நின்றது வேறொன்று. அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடம் இருக்கிறது. நாங்கள் வெளியே வந்தபோது அங்கே வேலை செய்பவர்கள் மதிய இடைவேளைக்கு வந்து வெயிலில் நின்று கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து உரத்துக் "குட்டன் டாக்" சொன்னார். நாங்களும் சொன்னோம். அந்த இடத்தில் அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேண்டுமா?

எங்கள் வீட்டுக் கணக்கு

நேயர்களே, அகதியாக வந்தவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. நாங்கள் வந்த புதிதில், ஓர் அகதிக்கு மாதம் எவ்வளவு செலவு, அந்தப் பணத்தில் என்ன கட்டலாம் என்று சிலர் கதைத்ததைக் கேட்டிருக்கிறோம். அதே வகுத்தல் கணக்கு. நாங்களும் ஒரு நாள் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டவர்கள். எங்களில் எத்தனை பேர் ஷெல்லடியில் கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், இன்றும் இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள்! இப்படி வந்த நாங்களே எங்களுக்குள் ஒருவரைப் பின் அறைக்குள் வைக்கலாமா?

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஷ்வேபிஹின்டர்டன் அவுஸ்வைஸ் என்ற அட்டை இருக்கிறது. பாதிப்பின் அளவு 50 அல்லது அதற்கு மேல் என்று கணிக்கப்பட்டால் கிடைக்கும். வரிக்கழிவு உண்டு, அந்தத் தொகைகள் 2021 முதல் இரட்டிப்பாகியும் இருக்கின்றன. அட்டையில் 'பி' என்ற குறி இருந்தால், துணைக்கு வருபவர் பேரூந்திலும் புகையிரதத்திலும் பயணச்சீட்டு எடுக்கத் தேவையில்லை. 1994 முதல் இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே, ஊனம் காரணமாக யாரையும் தாழ்த்தக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நான் வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் குடும்பங்களில், தகுதியிருந்தும் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்கள் இருக்கிறார்கள். "வெளியில தெரிஞ்சால் தங்கச்சிக்குக் கலியாணம் பேசேலாது அண்ணை" என்கிறார்கள். பழைய பின் அறை இங்கேயும் வந்துவிட்டது. அந்தக் கதவைத் திறவுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்தப் பையனின் வீட்டுக்கு நான் போனேன். தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார், அதைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை. பையன்தான் கேட்டான், "மாமா, புல்ஸ்னிட்ஸில அந்தச் சீகன்பால்க் தமிழ் எப்பிடிப் படிச்சவராம்?" தரங்கம்பாடியில் சின்னப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தாராம் என்று சொன்னேன். அவன் சிரித்தான். அவனுக்கு வரலாறு விருப்பம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை வருடம் பழகியும் அவனை நான் ஒரு தரமும் கேட்டதில்லை.

அடுத்த கோடையில் மறுபடியும் புல்ஸ்னிட்ஸ் போனோம். தூக்கி வைத்த பேரூந்துதான். அந்தக் கூடுதல் பணத்தைக் கணக்கில் தனி வரியாக எழுதவில்லை. பேரூந்து வாடகை என்று ஒரே தொகையாக எழுதினேன். குடும்பங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. 35 யூரோ மிச்சம் வரவில்லை, 12 யூரோ துண்டு விழுந்தது. அந்தக் கணக்கில் நான் கையெழுத்து வைத்தேன்.